முதல் பிக்கை விற்கலாமா? என்எஃப்எல் டிராஃப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால்) லீக் ஆட்டங்கள் முடிந்ததும், கடைசி இடத்துக்கு வந்த அணியின் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரரை எடு என்பது ஒரு கட்சி. முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு நான்கைந்து வீரர்களைச் சேர்த்துக்கொள் என்பது இன்னொரு கட்சி. ஏப்ரல் கடைசி வரைக்கும் இதே பேச்சுதான். அதில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

டிராஃப்ட் என்றால் என்ன? ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் பணம் பேசும், டிராஃப்ட்டில் வரிசை பேசும். மொத்தம் 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல் (இறுதி ஆட்டம்) வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் வீரர்களை இந்த வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு பிக். தோற்ற அணி எழுந்து நிற்க வழி செய்வதுதான் இதன் நோக்கம், 1936-லிருந்து இப்படித்தான் நடக்கிறது.

விற்பது என்றால் பணத்துக்கா?

பணத்துக்கு இல்லை. பேச்சுவழக்கில் விற்பது என்கிறோம், உண்மையில் நடப்பது கைமாற்று. முதல் பிக்கைக் கொடுக்கும் அணிக்குப் பதிலாகக் கிடைப்பவை: அதே வருஷத்தில் கொஞ்சம் பின்னால் வரும் பிக்குகள், அடுத்தடுத்த வருஷங்களின் பிக்குகள், சில சமயம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வீரர். அப்புறம் ஒன்று, இந்த வழக்கம் டிராஃப்ட்டின் வயதுக்குச் சமம். 1936-ல் முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கரை எடுத்தது பிலடெல்பியா ஈகிள்ஸ். உடனே அவர் உரிமையைச் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அவர் கடைசிவரை என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

சரி, விற்கலாமா கூடாதா? நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் அணியிடம் நம்பத்தகுந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருந்தால் விற்கலாம். இல்லாவிட்டால், அந்த வருஷ டிராஃப்ட்டில் நீங்கள் மனதார நம்பும் குவார்ட்டர்பேக் ஒருவர் இருக்கும்போது விற்கவே கூடாது, எவ்வளவு கொடுத்தாலும். விற்பதென்று முடிவெடுத்தால், வாங்குகிற அணியின் அடுத்த வருஷ முதல் சுற்று பிக் கைக்கு வராமல் கையெழுத்துப் போடக் கூடாது. நம் குவார்ட்டர்பேக் பற்றி நாம் போட்ட கணக்கு தப்பிப்போனால் கைகொடுப்பது அது ஒன்றுதான். இந்த மூன்றாவது விஷயத்தைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

எல்லாம் ஏன் குவார்ட்டர்பேக்கில் வந்து நிற்கிறது?

பந்து ஒவ்வொரு முறையும் அவர் கையில்தான் வருகிறது, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடியில் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இன்னொரு காரணம் சம்பளம். ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு லீக்கே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024-ல் டாலஸ் கவ்பாய்ஸின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்குப் போட்ட ஒப்பந்தம் வருஷத்துக்குச் சராசரியாக 6 கோடி டாலர். அதே 2024-ல் முதல் பிக்காக வந்த கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு வருஷத்துக்கும் சேர்த்தே சுமார் 3 கோடியே 95 லட்சம் டாலர்தான். அதாவது, இளம் குவார்ட்டர்பேக் தேறிவிட்டால், மிச்சமாகும் பணத்தில் அவரைச் சுற்றி ஒரு நல்ல அணியையே கட்டலாம்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2010-ல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதியான தொகை, அதுவரை அவர் ஒரு என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. 2011-ல் வீரர் சங்கத்தோடு புது ஒப்பந்தம் வந்து புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டினார்கள், அந்த வருஷ முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு வருஷத்துக்கு 2 கோடியே 20 லட்சம்தான். முன்பெல்லாம் முதல் பிக் தப்பிப்போனால் அந்த ஒப்பந்தமே அணியைப் பல வருஷம் அழுத்தும், அதனால் அதை வாங்கவே ஆள் தயங்கும். 2001-க்கும் 2016-க்கும் நடுவில் டிராஃப்ட்டுக்கு முன்னால் முதல் பிக் ஒருமுறைகூடக் கைமாறவில்லை என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லோரும் சொல்லும் அந்தச் சிகாகோ பேர்ஸ் கதை என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு கதையிலேயே முக்கால்வாசி பதில் இருக்கிறது.

2023 ஜனவரி 8, லீக்கின் கடைசி நாள். முதல் பிக் ஹூஸ்டன் டெக்சன்ஸ் கையில் இருந்தது, தோற்றாலே போதும். இண்டியானாபோலிஸில் கோல்ட்ஸுக்கு எதிராக ஏழு புள்ளி பின்தங்கியிருந்தார்கள், ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம் பாக்கி, நான்காவது, கடைசி முயற்சியில் 20 யார்டு போக வேண்டும். அந்த நிலையில் டேவிஸ் மில்ஸ் தூக்கி எறிந்த பந்தை ஜோர்டன் ஏக்கின்ஸ் எல்லைக்குள் பிடித்துவிட்டார், டச்டவுன், ஆறு புள்ளி. ஒரு புள்ளி உதை உதைத்துச் சமன் செய்திருக்கலாம். பயிற்சியாளர் லவ்வி ஸ்மித் இரண்டு புள்ளிக்குப் போனார், அதையும் ஏக்கின்ஸே பிடித்தார், 32-31. முதல் பிக் டெக்சன்ஸ் கையை விட்டு 3 வெற்றி 14 தோல்வியோடு இருந்த பேர்ஸுக்குப் போனது. லவ்வி ஸ்மித் முன்பு பேர்ஸுக்குத்தான் ஒன்பது சீசன் பயிற்சியாளராக இருந்தார். அன்று இரவே டெக்சன்ஸ் அவரை வேலையை விட்டு அனுப்பியது.

பேர்ஸிடம் ஏற்கெனவே ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார், 2021-ல் முதல் சுற்றில் எடுத்தவர், ஓட்டத்தில் அசாத்தியமானவர், எறிவதில் மட்டும் சந்தேகம். பொது மேலாளர் ரையன் போல்ஸ் அவருக்கு இன்னொரு வருஷம் கொடுப்பது என்று முடிவு செய்து, மார்ச்சில் முதல் பிக்கைக் கரோலினா பாந்தர்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு வந்தவை: அந்த வருஷத்தின் 9-வது, 61-வது பிக்குகள், 2024-ன் முதல் சுற்று பிக், 2025-ன் இரண்டாம் சுற்று பிக், கூடவே டிஜே மூர் என்ற முதல்தர ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்).

பாந்தர்ஸ் முதல் பிக்கில் அலபாமாவின் பிரைஸ் யங்கை எடுத்தது. 2 வெற்றி 15 தோல்வி, லீக்கிலேயே கடைசி. அதனால் பேர்ஸுக்குத் தர வேண்டியிருந்த 2024 முதல் சுற்று பிக், அந்த வருஷத்தின் முதல் பிக்காகவே ஆகிவிட்டது. ஒரு முறை விற்ற பொருள் அடுத்த வருஷம் வீடு தேடி வந்தது! அதில் வந்தவர்தான் கேலப் வில்லியம்ஸ். 9-வது பிக்கிலிருந்து ஓரிடம் இறங்கி டார்னல் ரைட் என்ற டாக்கிளை (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்) எடுத்தார்கள், மூர் முதல் சீசனிலேயே 1,364 யார்டு பிடித்தார், 2025-ன் இரண்டாம் சுற்று பிக்கில் லூதர் பர்டன் வந்தார். 2024-ல் வெற்றி எதுவும் பெரிதாக வரவில்லை, 5-12 தான், பயிற்சியாளர் பாதியிலேயே போனார். 2025-ல் பென் ஜான்சன் வந்தார், பேர்ஸ் தன் பிரிவை வென்றது.

அப்போ பாந்தர்ஸ் ஏமாந்துவிட்டதா?

குவார்ட்டர்பேக் இல்லாத அணி குவார்ட்டர்பேக்கைத் தேடிப் போனதைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியது மூரைக் கொடுத்ததை. ஒல்லியான, உயரம் குறைந்த ஒரு இளைஞனை எடுத்து, அவன் எறிகிற பந்தைப் பிடிக்க இருந்த ஒரே நல்ல கையையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். முன்னால் நின்று காக்க வேண்டிய வரிசையும் தேறவில்லை, அந்த சீசனில் யங் 62 முறை சாய்க்கப்பட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் எழுந்து நின்றதே பெரிய விஷயம். 2024-ல் இரண்டு ஆட்டத்தோடு அவரை உட்கார வைத்தார்கள், திரும்ப வந்தபோது தெளிவாகத் தேறியிருந்தார், 2025-ல் பாந்தர்ஸும் தன் பிரிவை வென்றது. ஆக, முடிந்துபோன கதை என்று அவரைத் தள்ளிவிட முடியாது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு இடம் இறங்கிய டெக்சன்ஸ் 2-வது பிக்கில் சிஜே ஸ்ட்ராட் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது, பிறகு விலை கொடுத்து 3-வது இடத்துக்கும் ஏறி வில் ஆண்டர்சனை எடுத்தது. அந்த சீசனின் சிறந்த புதுமுக விருதுகள் இரண்டும், தாக்குதலுக்கும் தடுப்புக்கும், இவர்கள் இருவருக்கும்தான் போனது. முதல் பிக் போச்சே என்று ஜனவரியில் தலையில் அடித்துக்கொண்ட ரசிகர்களுக்கு டிசம்பரில் அது ஞாபகமே இருந்திருக்காது.

2023-ல் விற்றது சரி என்றால் 2024-ல் பேர்ஸ் ஏன் மறுபடி விற்கவில்லை?

இந்தக் கேள்வியைத்தான் எல்லா அணி மேலாளர்களும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். விற்றிருந்தால் இன்னொரு மலை அளவு பிக்குகள் வந்திருக்கும். ஆனால் ஃபீல்ட்ஸ் பற்றிப் போட்ட கணக்கு பலிக்கவில்லை என்று போல்ஸ் ஒப்புக்கொண்டார், 2024 மார்ச்சில் அவரைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு வெறும் ஆறாம் சுற்று பிக்குக்கு அனுப்பினார். முதல் சுற்றில் எடுத்த ஆளை அந்த விலைக்கு அனுப்ப மனசு வராது, வறட்டு கௌரவம் தடுக்கும். அதைத் தாண்டியதால்தான் 2023 வியாபாரத்துக்கே அர்த்தம் வந்தது.

நிறைய பிக் கிடைத்தால் அணி தானாகவே நன்றாகிவிடுமே?

ஆகாது. 2012-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 2-வது பிக்கை வாஷிங்டனுக்குக் கொடுத்தது. பதிலாக மூன்று முதல் சுற்று பிக்குகள், ஒரு இரண்டாம் சுற்று பிக். வாஷிங்டன் ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது, முதல் சீசனிலேயே சிறந்த புதுமுக வீரர் ஆனார், 2013 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டத்தில் முழங்கால் போனது, அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக வரவே இல்லை.

2014 டிசம்பர் 7, ராம்ஸ் வாஷிங்டனுக்கே போய் ஆடிய நாள். டாஸ் போட நடுமைதானத்துக்குக் கேப்டன்களாக ஆறு பேரை ராம்ஸ் அனுப்பியது: ராபின்சன், பிராக்கர்ஸ், ஜென்கின்ஸ், ஓகல்ட்ரி, ஸ்டேசி, பெய்லி. ஆறு பேரும் அந்த வியாபாரத்தில் கிடைத்த பிக்குகளால் வந்தவர்கள். கிரிஃபின் அன்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ராம்ஸ் 24-0 என்று ஜெயித்தது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2012 முதல் 2015 வரை ராம்ஸின் வெற்றி-தோல்வி-சமன் கணக்கைப் பாருங்கள்: 7-8-1, 7-9, 6-10, 7-9. ஒரு சீசனில்கூட வெற்றி தோல்வியை மிஞ்சவில்லை. காரணம், விற்கும்போது அவர்கள் நம்பியிருந்தது 2010-ன் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டை. அவருக்கு 2013-லும் 2014-லும் அடுத்தடுத்து முழங்கால் தசைநார் கிழிந்தது. வாஷிங்டன் சரிந்ததால் 2014-ல் ராம்ஸுக்கு வந்து சேர்ந்தது 2-வது பிக், அதில் ஒரு டாக்கிளை எடுத்தார்கள். பேர்ஸ் 2024-ல் இதே இடத்தில் நின்றது, பழைய குவார்ட்டர்பேக்கை விட்டுப் புதியவரை எடுத்தது. ராம்ஸ் பழையவரோடேயே காத்திருந்தது. கடைசியில் 2016-ல், லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த கையோடு, அதே ராம்ஸ் தன் பிக்குகளை அள்ளிக் கொடுத்து டென்னசி டைட்டன்ஸிடமிருந்து முதல் பிக்கை வாங்கி ஜாரட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்கை எடுக்க வேண்டி வந்தது.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் கதை இதைவிட வேதனை. 2011-ல் ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸை எடுக்கும் இடத்தை அட்லான்டா ஃபால்கன்ஸுக்குக் கொடுத்து ஐந்து பிக் வாங்கினார்கள், வந்தவர்களில் ஒருவர்கூட நிலைக்கவில்லை. 2016-ல் 2-வது பிக்கை ஈகிள்ஸுக்குக் கொடுத்தார்கள், அடுத்த இரண்டு சீசன் 1-15, 0-16. அந்த ரசிகர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்காது. பிக் என்பது வாய்ப்பு மட்டும்தான், ஆளைச் சரியாகப் பார்த்து எடுக்கத் தெரியாத அலுவலகத்துக்கு ஐந்து வாய்ப்பு கொடுத்தால் ஐந்து முறை தப்பு செய்யும்.

2016-ல் டைட்டன்ஸ் விற்றது சரியா?

சரிதான். 2015-ல் எடுத்த குவார்ட்டர்பேக் மார்கஸ் மரியோட்டா இருந்தார். கிடைத்த பிக்குகளில் ஒன்றில் வந்தவர் டெரிக் ஹென்றி, 2020-ல் 2,027 யார்டு ஓடிய அதே ஹென்றி. ராம்ஸ் அந்த வருஷம் 4-12 என்று விழுந்ததால் அடுத்த வருஷ பிக் 5-வது இடத்துக்கு வந்தது. வாங்கியவர்களும் கெட்டுப்போகவில்லை, காஃப் அவர்களை 2019 பிப்ரவரி சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அதே 2016 டிராஃப்ட்டில் டாக் பிரெஸ்காட் 135-வது ஆளாகத்தான் போனார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விலையை எப்படிப் போடுகிறார்கள்?

1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டாலஸ் கவ்பாய்ஸ் ஒரு அட்டவணை தயாரித்தது. முதல் பிக்குக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600, 9-வதுக்கு 1,350, முதல் சுற்றின் கடைசியான 32-வதுக்கு 590. இன்றைக்கும் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பேர்ஸ் வாங்கிய 9-வதும் 61-வதும் சேர்ந்தால் 1,642 தான் வரும், மிச்சத்தை மூரும் எதிர்கால பிக்குகளும் நிரப்பின.

அந்த அட்டவணை உச்சியில் இருக்கும் பிக்குகளுக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறது என்று கேட் மாஸியும், பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தாலரும் ஆய்வு செய்து காட்டினார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேர் அடுத்தடுத்துத் தேர்வானால், முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னவரைவிட உண்மையிலேயே நன்றாகத் தேறுவதற்கு வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல். 2017-ல் மிட்செல் டிருபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்குக்காக ஓரிடம் ஏறப் பிக்குகளைக் கொடுத்தது இதே பேர்ஸ், அந்த வருஷம் 10-வதாகப் போனவர், பின்னாளில் சூப்பர் பவுல் வென்ற குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். ஆனாலும் அந்த ஆய்வின் கணக்கு பெரும்பாலும் 2011-க்கு முந்தைய சம்பளத்தின் மேல் நின்றது என்பதால், இன்றைய முதல் பிக்குக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன்.

விற்பதாக இருந்தால் என்ன கேட்க வேண்டும்?

மோசமான அணியிடம் விற்க வேண்டும். இது காதில் விழக் கொடூரமாக இருக்கலாம், ஆனால் 2023-ல் 9-வது இடத்திலிருந்து வந்த பாந்தர்ஸின் அடுத்த வருஷ பிக்கும், 25-வது இடத்திலிருந்து வரும் ஒரு நல்ல அணியின் அடுத்த வருஷ பிக்கும் பெயரளவில் ஒன்று, மதிப்பில் ஏணி வைத்தாலும் எட்டாது. புது குவார்ட்டர்பேக்கோடு இறங்கும் பலவீனமான அணி முதல் வருஷம் அடி வாங்குவதே வழக்கம், அந்த அடியின் பலன் உங்களுக்கு வரும். அதோடு, ரொம்பக் கீழே இறங்கிவிடக் கூடாது. முதல் பத்துக்குள் இருந்தால்தான் அந்த வருஷத்திலேயே ஒரு நல்ல டாக்கிளோ ரிசீவரோ கிடைப்பார்.

குவார்ட்டர்பேக் இல்லாத வேறு பெரிய வீரர் ஒருவர் முதலிடத்தில் இருந்தால்?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவராகவோ நம் குவார்ட்டர்பேக்கைக் காப்பவராகவோ இருக்க வேண்டும். 1997-ல் ஜெட்ஸிடமிருந்து முதல் பிக்கை வாங்கி ராம்ஸ் எடுத்த ஆர்லாண்டோ பேஸ் சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். 2017-ல் பிரவுன்ஸ் எடுத்த மைல்ஸ் காரட் அந்த அணியின் சில நல்ல முடிவுகளில் ஒன்று. ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) என்றால் யோசிக்காமல் விற்றுவிடுவேன்.

குவார்ட்டர்பேக் இல்லாமலே விற்று ஜெயித்த அணி உண்டா?

உண்டு, 2001-ல் சான் டியாகோ சார்ஜர்ஸ். மைக்கேல் விக் என்ற குவார்ட்டர்பேக்குக்கான முதல் பிக்கை அட்லான்டாவுக்குக் கொடுத்து 5-வது இடத்துக்கு இறங்கியது. 5-வதில் ரன்னிங் பேக் லடேனியன் டாம்லின்சன், இரண்டாம் சுற்றில் குவார்ட்டர்பேக் டுரூ பிரீஸ். என் விதிக்கு இது விலக்குதான், மறுக்கவில்லை. ஆனால் பிரீஸ் மாதிரி ஒருவர் இரண்டாம் சுற்று வரை காத்திருப்பார் என்று நம்பி எந்த மேலாளரும் திட்டம் போட முடியாது, சார்ஜர்ஸுமே மூன்று வருஷம் கழித்து மறுபடி முதல் பிக்கோடு குவார்ட்டர்பேக் தேடிக்கொண்டு நின்றது.

வீரரே அந்த அணிக்கு வர மாட்டேன் என்று சொன்னால்?

அப்போது விற்பதைத் தவிர வேறு வழி இல்லை, ஆனால் அவசரப்படக் கூடாது. 1983-ல் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே பால்டிமோர் கோல்ட்ஸுக்கு ஆட மாட்டேன் என்றார், வேண்டுமானால் யாங்கீஸுக்கு பேஸ்பால் ஆடப் போகிறேன் என்றார். கோல்ட்ஸ் அவரை எடுத்து, சில நாளிலேயே டென்வர் பிராங்கோஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது கிறிஸ் ஹிண்டன் என்ற வீரர், மாற்று குவார்ட்டர்பேக் ஒருவர், அடுத்த வருஷ முதல் சுற்று பிக். எல்வே ஐந்து சூப்பர் பவுலுக்குப் போய் இரண்டை வென்றார்.

2004-ல் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் சார்ஜர்ஸுக்கு வர மறுத்தபோது அவர்கள் சாமர்த்தியமாக நடந்தார்கள். முதலில் மேனிங்கைத் தேர்ந்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள், 4-வது இடத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் பிலிப் ரிவர்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுக்கும் வரை பொறுத்தார்கள், அப்புறம்தான் மாற்றினார்கள். ரிவர்ஸோடு மூன்றாம் சுற்று பிக், அடுத்த வருஷத்தின் முதல் சுற்று, ஐந்தாம் சுற்று பிக்குகளும் வந்தன. மேனிங் இரண்டு சூப்பர் பவுல் வென்றார், ரிவர்ஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் பதினாறு சீசன் அந்த அணியில் இருந்தார், அந்த அடுத்த வருஷ முதல் சுற்று பிக்கில் வந்த ஷான் மெர்ரிமன் முதல் சீசனிலேயே சிறந்த தடுப்புப் புதுமுக விருதை வாங்கினார்.